இதயத்துக்கு ஒரு புதிய கதவு

கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் மோட்டாரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் உறிஞ்சு குழாயின் அடியில் ‘ஃபுட் வால்வு’ என்றொரு சிறு கதவு உண்டு. அது நீரை மேலே விடும். கீழே திரும்ப விடாது. அந்தக் கதவில் ஒரு சிறு குச்சி சிக்கிக்கொண்டால் போதும். மோட்டார் முழு வேகத்தில் ஓடினாலும் தொட்டியில் நீர் ஏறாது. மோட்டாரில் குறையில்லை, கதவில்தான் குறை. நம் இதயத்துக்கும் இதே நிலை நேர்வதுண்டு.

இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. மேலறைகளை ஆரிக்கிள் என்றும் கீழறைகளை வெண்ட்ரிக்கிள் என்றும் பள்ளியில் படித்திருப்பீர்கள். இவற்றில் இரத்தம் ஒரே திசையில் செல்வதற்காக நான்கு வால்வுகள் அமைந்துள்ளன. இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இருப்பது மைட்ரல் வால்வு. கீழறையிலிருந்து உடல் முழுவதற்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருந்தமனியின் வாயிலில் இருப்பது அயோர்ட்டா வால்வு. இடப்பக்கத்தில் அழுத்தம் மிகுதி. ஆதலால் இவ்விரண்டு வால்வுகளுக்கே தொல்லையும் மிகுதி.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிப்பதாகக் கொண்டால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்புகள். ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 78 லட்சம். அயோர்ட்டா வால்வு மூடியிருக்கும்போது அதன்மீது சுமார் 80 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் இருக்கும். பாதரசத்தின் அடர்த்தி 13.6. எனவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8 × 13.6, அதாவது ஏறத்தாழ 109 கிராம் எடை. வால்வின் பரப்பை 4 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால் மொத்தம் 435 கிராம். காகிதம் போன்ற மெல்லிய மூன்று இதழ்கள் ஏறக்குறைய அரைக் கிலோ எடையை ஆண்டுக்கு மூன்றேமுக்கால் கோடி முறை தாங்கி நிற்கின்றன! வேறு எந்தப் பொறியிலும் ஒரு வால்வு எழுபது எண்பது ஆண்டுகள் பழுதுபார்க்கப்படாமல் இப்படி உழைப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இத்தகைய கதவு கெட்டுவிட்டால் அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம் என்ற எண்ணம் 1960 ஆம் ஆண்டில்தான் முழுமையாகக் கைகூடியது. இன்று இந்த அறுவைக்குச் செல்பவரிடம் மருத்துவமனையில் பல அறிவுரைகள் கூறுகிறார்கள். பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், எடை தூக்காதீர்கள், மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள் என்றெல்லாம் அவை நீளும். கேட்பவருக்கு இவை வெறும் சடங்குகளாகத் தோன்றலாம். உண்மையில் ஒவ்வோர் அறிவுரைக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை அறிந்தவர் அறிவுரையை எளிதில் மீறமாட்டார். இவ்வறுவையின் வெற்றியில் பாதி மருத்துவர் கையிலும், மறு பாதி நோயாளியின் கையிலும் இருப்பதால் இதனை விரிவாகக் காண்பது நலம்.

வால்வு கெடுவது ஏன்?

வால்வு இருவகையில் கெடும். இதழ்கள் தடித்து ஒட்டிக்கொண்டு வழி சுருங்குவது ஒரு வகை. சரியாக மூடாமல் இரத்தம் பின்னோக்கி ஒழுகுவது மற்றொரு வகை. இரண்டிலும் இதயத் தசை கூடுதலாக உழைக்க நேர்கிறது. முதலில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு நடந்தாலே வாங்கும். கடைசியில் படுத்தாலே வாங்கும்.

மேலை நாடுகளில் முதுமையில் இதழ்களில் சுண்ணாம்புச் சத்துப் படிவதே வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம். நம் நாட்டிலோ ருமாட்டிக் காய்ச்சல் எனப்படும் கீல்வாதக் காய்ச்சல் இன்னும் பலரின் வால்வைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற நுண்ணுயிரால் தொண்டை வலி வருகிறது. அதை எதிர்க்க உடல் உண்டாக்கும் பாதுகாப்புப் படை, சிலரிடம் தன் சொந்த இதய வால்வையே பகையாகக் கருதித் தாக்கிவிடுகிறது. காய்ச்சலும் மூட்டு வலியும் சில வாரங்களில் மறைந்துவிடும். வால்வில் ஏற்பட்ட வடு மறைவதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து, குடும்பத்தைத் தாங்கவேண்டிய வயதில், அது தன் வேலையைக் காட்டும்.

விரலால் திறந்த கதவு

இதயத்தைத் தொட்டால் உயிர் போய்விடும் என்று மருத்துவர்களே நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. 1923 ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எலியட் கட்லர் என்பவர், ஒரு சிறுமியின் சுருங்கிய மைட்ரல் வால்வைக் கத்தியால் கீறி அகலப்படுத்தினார். அச்சிறுமி நான்கு ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தாள். ஆனால் அடுத்தடுத்த நோயாளிகள் இறந்தனர். கட்லர் இம்முயற்சியைக் கைவிட்டார். 1925 இல் இலண்டனில் ஹென்றி சவுட்டார், இதயத்தின் மேலறை வழியாகத் தம் விரலையே நுழைத்து மைட்ரல் வால்வை விரித்துவிட்டார். நோயாளி பிழைத்தார். ஆயினும் அவரிடம் இரண்டாவது நோயாளியை எந்த மருத்துவரும் அனுப்பவில்லை!

இருபத்து மூன்று ஆண்டுகள் இப்படியே கழிந்தன. 1948 இல் ஃபிலடெல்ஃபியாவில் சார்லஸ் பெய்லி, பாஸ்டனில் டுவைட் ஹார்கன், இலண்டனில் ரஸல் பிராக் ஆகிய மூவரும் சில மாத இடைவெளியில் இதே அறுவையில் வெற்றி கண்டனர். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள், கண்ணால் காணாமல், விரல் உணர்ச்சி ஒன்றையே நம்பிச் செய்த அறுவை அது. ஒட்டிக்கொண்ட வால்வை விரிக்க அது போதும். கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு மாற்றுவதற்குப் போதாது.

கப்பல் தளம் தந்த எக்கோ

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. யாருடைய வால்வு சுருங்கியிருக்கிறது, யாருடையது ஒழுகுகிறது என்பதை மார்பைத் திறக்காமல் அறிவது எப்படி? ஸ்வீடன் நாட்டின் லண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவர் இக்கேள்வியுடன் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலறிஞரை அணுகினார். இவர் நோபல் பரிசு பெற்ற குஸ்தாவ் ஹெர்ட்ஸின் மகன். அதிர்வெண்ணின் அலகுக்குப் பெயர் தந்த ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் இவர் குடும்பத்தைச் சேர்ந்தவரே. மால்மோ நகரின் கப்பல் கட்டும் தளத்தில் இரும்புத் தகடுகளின் உள்ளே விரிசல் உள்ளதா என்று சோதிக்க மீயொலிக் கருவி ஒன்று பயன்பட்டு வந்தது. ஹெர்ட்ஸ் அதைத் தம் மார்பின் மீதே வைத்துப் பார்த்தார். இதயத்திலிருந்து எதிரொலி வந்தது. 1953 அக்டோபரில் அசையும் இதயத்தின் எதிரொலி முதன்முதலாகப் பதிவாயிற்று. இன்று நாம் ‘எக்கோ’ என்று சொல்லும் சோதனையின் பிறப்பு இதுதான்.

பிற்பாடு டாப்ளர் விளைவும் இதனுடன் சேர்ந்தது. குறுகிய வழியில் திரவம் வேகமாகப் பாயும் என்பதை நாம் அறிவோம். குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் பீறிடுகிறதல்லவா? இரத்தத்தின் வேகத்தை டாப்ளர் முறையில் அளந்தால், பெர்னோலி 1738 இல் வெளியிட்ட தத்துவத்தைக் கொண்டு வால்வின் இரு பக்க அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடலாம். வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை இருமடிப் பெருக்கமாக்கி நான்கால் பெருக்கினால், விடை மில்லிமீட்டர் பாதரசத்தில் கிடைத்துவிடும். வேகம் வினாடிக்கு 4 மீட்டர் எனில் அழுத்த வேறுபாடு 64 மில்லிமீட்டர். அயோர்ட்டா வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அறுவை எப்போது தேவை என்ற முடிவு பெரும்பாலும் இந்த எளிய கணக்கின் மீது நிற்கிறது.

கோலி சோடாவும் செயற்கை வால்வும்

முதல் செயற்கை வால்வு 1952 செப்டம்பரில் ஒரு பெண்ணின் உடலில் பொருத்தப்பட்டது. பொருத்தியவர் வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹஃப்னகெல். அது ஒரு பிளாஸ்டிக் குழாய்; அதனுள் ஒரு பந்து. ஆனால் வால்வை அதற்குரிய இடத்தில் வைக்க அவரால் இயலவில்லை. இதயத்தை நிறுத்தினால்தானே அது முடியும்? எனவே இதயத்துக்கு வெளியே, கீழிறங்கும் பெருந்தமனியில் வைத்தார். பந்து மோதும் ஓசை அருகிலிருப்பவருக்கும் கேட்டது.

இதயத்தை நிறுத்தும் வழியைக் கண்டவர் ஜான் கிப்பன். 1931 இல் பாஸ்டனில் இளம் மருத்துவராக இருந்தபோது, நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்துத் துன்புற்ற ஒரு பெண்ணின் அருகே அவர் இரவு முழுவதும் அமர்ந்திருந்தார். அப்பெண் பிழைக்கவில்லை. இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை ஒரு பொறி சிறிது நேரம் செய்தால் இவர் பிழைத்திருப்பாரே என்ற எண்ணம் அன்று தோன்றியது. அந்தப் பொறியை உருவாக்க இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 1953 மே 6 அன்று, ஃபிலடெல்ஃபியாவில் 18 வயதுப் பெண் ஒருவரின் உயிரை அந்தப் பொறி 26 நிமிடங்கள் முழுமையாகத் தாங்கி நின்றது. இதயச் சுவரில் இருந்த ஓட்டை தைக்கப்பட்டது. இனி இதயத்தை நிறுத்தி, திறந்து, கண்ணால் பார்த்து வேலை செய்யலாம்.

1958 ஆம் ஆண்டில் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில், ஆல்பர்ட் ஸ்டார் என்ற 32 வயது அறுவை மருத்துவரைத் தேடி 60 வயதுப் பொறியாளர் ஒருவர் வந்தார். லோவெல் எட்வர்ட்ஸ் என்பது அவர் பெயர். விமானங்களுக்கான எரிபொருள் பம்பை வடிவமைத்துப் பொருள் ஈட்டியவர். ‘செயற்கை இதயம் செய்வோமா?’ என்பது அவருடைய கேள்வி. ‘முதலில் ஒரு வால்வு செய்வோம்’ என்று ஸ்டார் அவரைத் திருப்பினார்.

இயற்கை வால்வைப் போலவே இதழ்களைக் கொண்டு அவர்கள் முதலில் செய்து பார்த்தனர். நாய்களுக்குப் பொருத்தியபோது, தையல் போட்ட விளிம்பிலிருந்து இரத்தக்கட்டி வளர்ந்து இதழ்களை அடைத்துவிட்டது. அப்போது அவர்கள் கையாண்டது கூண்டுக்குள் பந்து என்ற முறை. 1858 இல் புட்டி மூடி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்ற பழைய யோசனை அது. நம்மூர்க் கோலி சோடாவை எண்ணிப் பாருங்கள். உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் புட்டியை மூடுகிறது. வெளியிலிருந்து மிகுந்த விசையோடு தள்ளினால் கோலி விலகி வழி விடுகிறது. செயற்கை வால்விலும் அவ்வாறே. முன்பக்க அழுத்தம் மிகும்போது பந்து விலகும். பின்பக்க அழுத்தம் மிகும்போது வளையத்தில் வந்து அமரும். கீலும் இல்லை, இதழும் இல்லை. பந்து ஓயாமல் உருள்வதால் ஓர் இடத்தில் இரத்தம் தேங்கிக் கட்டிக்கொள்ள வாய்ப்பும் குறைவு.

1960 ஆகஸ்டில் செய்த முதல் அறுவையில் நோயாளி சில மணி நேரத்திலேயே இறந்தார். இதயத்துக்குள் தங்கிவிட்ட காற்றுக் குமிழி மூளைக்குச் சென்றதே காரணம். செப்டம்பர் 21 அன்று இரண்டாவது நோயாளிக்கு அறுவை நடந்தது. 52 வயதான அவர் லாரிகளை அனுப்பிவைக்கும் பணியில் இருந்தவர். அவர் பத்து ஆண்டுகள் நலமாக வாழ்ந்து, வீட்டுக்கு வண்ணம் பூசும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். வால்வு அவரைக் கைவிடவில்லை! அதே 1960 மார்ச்சில் பாஸ்டனில் ஹார்கன் அயோர்ட்டா வால்வையும், நீனா பிரான்வால்ட் என்ற பெண் அறுவை மருத்துவர் தாமே வடிவமைத்த மைட்ரல் வால்வையும் பொருத்தியிருந்தனர்.

உலோகமா, திசுவா?

அறுவைக்கு முன் நோயாளி எடுக்கவேண்டிய முக்கியமான முடிவு எவ்வகை வால்வு என்பது. இதற்கும் ஒரு நீண்ட கதை உண்டு.

பந்து வால்வில் இரத்தம் பந்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். மேலும், தொடக்க காலத்து சிலிக்கோன் ரப்பர்ப் பந்துகள் சில, இரத்தத்திலுள்ள கொழுப்பை உறிஞ்சி உப்பி வெடித்தன. எனவே பந்துக்குப் பதிலாகச் சாயும் தட்டு வந்தது. ஸ்வீடனின் வைக்கிங் பியோர்க், அமெரிக்கப் பொறியாளர் டொனால்ட் ஷைலி இருவரும் உருவாக்கிய இவ்வகை வால்வு 1969 இல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது. தட்டுக்கு ஏற்ற பொருளோ எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. அணு உலை எரிபொருள் துகள்களின்மேல் பூசுவதற்காக உருவாக்கிய பைரோலிட்டிக் கார்பன் என்பதே அது. கடினமானது, தேயாதது, இரத்தம் அதன்மேல் எளிதில் உறைவதில்லை. 1977 அக்டோபரில் மின்னசோட்டாவில், இக்கார்பனால் ஆன இரண்டு அரைவட்டக் கதவுகள் கொண்ட வால்வு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இன்றைய உலோக வகை வால்வுகளில் பெரும்பாலானவை இந்த வடிவமே.

முன்னேற்றம் எப்போதும் நேர்க்கோட்டில் செல்வதில்லை. 1979 இல் விற்பனைக்கு வந்த பியோர்க்–ஷைலி வால்வின் புதிய வடிவத்தில், தட்டைத் தாங்கும் மெல்லிய உலோகக் கம்பியின் பற்றுவைப்பு பலவீனமாக இருந்தது. ஏறக்குறைய 86,000 பேருக்கு அது பொருத்தப்பட்டது. நூற்றுக்கணக்கானோருக்குக் கம்பி முறிந்து தட்டு நழுவியது. அவர்களில் பெரும்பகுதியினர் இறந்தனர். 1986 இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. கோடிக்கணக்கான முறை வளையும் உலோகம் களைத்துப்போகும் என்ற இயற்பியல் பாடத்துக்கு மனித உயிர்கள் விலையாயின. எந்த வகை வால்வு, எந்த எண் கொண்டது என்று எழுதிய அட்டை இன்று ஒவ்வொரு நோயாளியிடமும் தரப்படுகிறது. அதைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்வது ஏன் என்பது இப்போது விளங்கும்.

மற்றொரு வழி திசு வால்வு. பாரிஸ் நகரின் அலெய்ன் கார்பன்டியே, பன்றியின் வால்வை குளுட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் ஊறவைத்து 1968 முதல் மனிதருக்குப் பொருத்தினார். தோல் பதனிடவும் அதே பொருள் பயன்படுகிறது. இவ்வகை வால்வுக்கு, பொதுவாக வாழ்நாள் முழுதும் இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை வேண்டியதில்லை. ஆனால் சுமார் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சுண்ணாம்பு படிந்து கெட்டுவிடும். இளைஞர்களிடம் இன்னும் விரைவாகக் கெடும். உலோக வால்வோ பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் மாத்திரையை விட முடியாது. எனவேதான் இளம் வயதினருக்கு உலோகம், 65 வயதைக் கடந்தவருக்குத் திசு என்பது பொதுவான வழக்கு. குழந்தை பெற விரும்பும் பெண்களின் நிலை வேறு. அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும். ஆதலால் இதனை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் மனம் விட்டுப் பேசிவிட வேண்டும்.

திருவனந்தபுரத்து வால்வு

வெளிநாட்டு வால்வின் விலை நம் ஏழை நோயாளிகளுக்கு எட்டாததாக இருந்தது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் என்ற அறுவை மருத்துவரின் தலைமையில், பொறியாளர்களும் வேதியியலாரும் சேர்ந்து உள்நாட்டு வால்வை உருவாக்க முனைந்தனர். கடினமான நீலக்கல் படிகத் தட்டையும் சோதித்துப் பார்த்துக் கைவிட்டனர். மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவது வடிவம் வென்றது. கூண்டுக்குக் கோபால்ட்–குரோமியக் கலவை. தட்டுக்கு மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎதிலீன், அதாவது செயற்கை இடுப்பு மூட்டுகளில் பயன்படும் அதே பிளாஸ்டிக். தையல் வளையத்துக்கு பாலியெஸ்டர் துணி. கடினமானதுதான் நீடிக்கும் என்று நாம் நினைக்கிறோம். இங்கே மென்மையான தட்டு நீடித்தது, ஓசையும் குறைந்தது.

ஆட்டின் உடலில் சோதித்த பின்னர், 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு இவ்வால்வு பொருத்தப்பட்டது. அதன்பின் டி.டி.கே. நிறுவனம் இதனைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சித்ரா வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. வலியத்தான் 2024 இல் காலமானார்.

பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன உறவு?

அறுவைக்கு முன் பல் மருத்துவரிடம் அனுப்பும்போது பலர் வியப்படைகிறார்கள். 1935 இல் இலண்டனில் ஓக்கெல், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள், பல் பிடுங்கியவுடன் பலரின் இரத்தத்தில் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் கலந்திருப்பதைக் காட்டினர். நலமான உடலில் அவை விரைவில் அழிந்துவிடும். செயற்கை வால்வின் தையல் விளிம்பில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே குடியேறிப் பெருகும். இத்தொற்று உயிருக்கே ஆபத்து. ஆகவே சொத்தைப் பல்லை முன்பே சரிசெய்துகொள்ள வேண்டும். அறுவைக்குப் பின் பல் பிடுங்க நேர்ந்தால், ‘எனக்கு வால்வு மாற்றியிருக்கிறது’ என்று முதலில் சொல்லி, முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெறவேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் சில நாள் நீடித்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்காமல், மருத்துவமனைக்குச் சென்று இரத்தத்தைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். முதலில் மருந்தை விழுங்கிவிட்டால் சோதனையில் நுண்ணுயிர் பிடிபடாமல் போகலாம்.

புகைபிடிப்பதை வாரக்கணக்கில் முன்பே நிறுத்தச் சொல்வதும், மூன்று சிறு பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவியில் மூச்சை இழுத்துப் பழகச் சொல்வதும் நுரையீரலுக்காக. அறுவையின்போது நுரையீரல் ஓய்ந்து சுருங்கிக் கிடக்கும். மறுநாளே அது முழுமையாக விரிய வேண்டும். வலியில் கற்றுக்கொள்வதைவிட முன்பே பழகியிருப்பது எளிது. அன்றாடம் உண்ணும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எதை எந்த நாளில் நிறுத்துவது என்பதை அவரே சொல்ல வேண்டும்.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு

ஒரு காலத்தில் இதய நோயாளியை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைத்தார்கள். 1952 இல் பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் லெவின், பெர்னார்ட் லௌன் இருவரும் மாரடைப்பு நோயாளிகளை விரைவிலேயே நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தனர். தீங்கு நேரவில்லை, நன்மையே விளைந்தது. அசையாத காலில் இரத்தம் தேங்கி உறைகிறது, நுரையீரலில் சளி தேங்குகிறது என்பது பரவலாகத் தெளிவாயிற்று. வால்வு மாற்றியவரை ஓரிரு நாளில் எழுப்பி உட்காரவைத்து, பின் நடக்கவைப்பது இதன் தொடர்ச்சியே. செவிலியர் வந்து எழுப்பும்போது இரக்கமற்றவர் என்று எண்ணாதீர்கள்!

மார்பெலும்பை நீளவாக்கில் அறுத்துத் திறந்து, முடிவில் எஃகுக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். எலும்பு கூடுவதற்குச் சுமார் ஆறு வாரமும், முழு வலிமை பெற மூன்று மாதமும் ஆகலாம். கையால் ஊன்றி எழுந்தாலும், நீர்க்குடத்தைத் தூக்கினாலும், மார்புத் தசைகள் இரு பாதி எலும்புகளையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும். எனவேதான் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கவேண்டாம், வண்டி ஓட்டவேண்டாம் என்கிறார்கள். இருமல் வந்தால் அடக்கக்கூடாது. ஒரு தலையணையை மார்போடு இறுக அணைத்துக்கொண்டு இருமினால் எலும்பின் மீது விழும் இழுவிசை குறையும்.

முதல் சில வாரங்களில் பசியின்மை, தூக்கமின்மை, காரணமின்றி அழுகை ஆகியவை பலருக்கு வருவதுண்டு. வீட்டிலுள்ளோர் இதனை அறிந்திருந்தால் போதும். பெரும்பாலும் நாளடைவில் தணியும். தணியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லத் தயங்கவேண்டாம். உலோக வால்வு பொருத்தியவருக்கு இரவின் அமைதியில் ‘டிக், டிக்’ என்ற ஒலி கேட்கும். அது வால்வு நன்றாக மூடுகிறது என்பதன் அடையாளம். அவ்வொலி மழுங்கினால் அல்லது மறைந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தட்டின் மீது இரத்தம் உறைந்திருக்கக்கூடும்.

மாடு காட்டிய மருந்து

இனி, விடக்கூடாத அந்த மாத்திரையைப் பற்றி. 1920களில் வட அமெரிக்காவில் மாடுகள் உள்ளே இரத்தம் கசிந்து இறந்தன. பூஞ்சை பிடித்த ஒரு வகைத் தீவனப்புல்லே காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டனர். 1933 பிப்ரவரியில் கடும் பனிப்புயலில், விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் இறந்த கிடாரியையும், ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும், கெட்ட தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாரின் ஆய்வகத்துக்கு வந்தார். லிங்கின் குழுவினர் ஆறு ஆண்டுகள் உழைத்து 1939 இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948 இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954 இல் மனிதருக்கு மருந்தாயிற்று. மறு ஆண்டே அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு அது தரப்பட்டது.

இம்மருந்து வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து, இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. அளவு குறைந்தால் வால்வில் கட்டி. மிகுந்தால் உள்ளே கசிவு. எனவே இரத்தத்தை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். முன்பு ஒரே இரத்தத்துக்கு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு வேறு விடை வந்தது. ஊருக்கு ஊர் படியின் அளவு மாறிய பழைய காலம் போல! 1983 இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்ற பொது அளவை ஏற்றது. சாதாரண மனிதருக்கு இது 1. அயோர்ட்டா இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்குப் பெரும்பாலும் 2.5-ஐயும், மைட்ரல் இடத்தில் உள்ளவருக்கு 3-ஐயும் ஒட்டி இருக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் உரிய அளவை அவருடைய மருத்துவரே வரையறுப்பார்.

கீரையில் வைட்டமின் கே மிகுதி. அதனால் கீரையை விலக்கவேண்டியதில்லை; வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டால் போதும். ஒரு வாரம் கீரையே இல்லை, அடுத்த வாரம் நாள்தோறும் முருங்கைக்கீரை என்றிருந்தால் அளவு தடுமாறும். தலைவலிக்கு வாங்கும் சில மாத்திரைகளும், நாட்டு மருந்துகளும் இம்மருந்தோடு மோதும். புதிதாக வந்துள்ள உறைவெதிர் மருந்துகளில் ஒன்றான டாபிகாட்ரனை உலோக வால்வு உள்ளவர்களிடம் சோதித்தபோது, கட்டியும் கசிவும் மிகுந்ததால் 2012 இல் சோதனையையே நிறுத்த நேர்ந்தது. எனவே பழைய மருந்தே இன்றும் துணை.

உடம்பு நன்றாக இருக்கிறதே, மாத்திரை எதற்கு என்று நிறுத்துவதுதான் மிகப் பெரிய ஆபத்து. உடம்பு நன்றாக இருப்பது அந்த மாத்திரையாலும்தான்.

கதவு கெடாமல் காப்பது

2002 ஏப்ரலில் ஃபிரான்சின் ரூவான் நகரில் அலெய்ன் கிரிபியே, மார்பைத் திறக்காமல், மடித்த திசு வால்வை இரத்தக் குழாய் வழியே கொண்டுசென்று அயோர்ட்டா வாயிலில் விரித்துப் பொருத்தினார். முதியவர்களுக்கு இம்முறை இன்று நம் நாட்டிலும் கையாளப்படுகிறது. இன்னும் நல்ல வால்வுகள் வரும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ருமாட்டிக் காய்ச்சலால் கெடும் வால்வைக் கெடாமலே காக்க வழி உண்டு. பள்ளி செல்லும் பிள்ளை காய்ச்சலோடு தொண்டை வலி என்று சொன்னால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று அவர் கருதினால் தரும் மருந்தை முழு நாள்களும் கொடுங்கள். பெனிசிலினே இதற்குப் போதுமானது. ஒருமுறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை ஆண்டுக்கணக்கில் தவறாமல் போடவேண்டும். 2018 இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோயை ஒழிக்க எல்லா நாடுகளும் முயலவேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. பிள்ளைக்கு அடுத்த ஊசி என்றைக்கு என்று நாள்காட்டியில் குறித்து வைப்பது நம் வீட்டில் தொடங்கவேண்டிய வேலை.